வேட்டைக்கு ரைபிளா, பழைய பாணி ரிவால்வரா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)
அண்ணன்மார்களுக்கு வணக்கம். வரும் குளிர்காலத்தில் முதன்முறையாக இம்பாலா மான் வேட்டைக்குச் செல்ல இருக்கிறேன். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு தோட்டாவையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்றும்) ரைபிள் வாங்குவதற்காகப் பணம் சேர்த்தேன். ஆனால் 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரின் சாயலில் இத்தாலியில் செய்யப்பட்ட .45 ரிவால்வர் ஒன்றைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. அதன் ஈயக்குண்டு ரைபிள் குண்டைவிடக் கனமானது, நெருங்கிச் சென்று சுட்டால் போதும் என்கிறார் என் மைத்துனர். ஒன்றுதான் வாங்க முடியும்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
தம்பி, உங்கள் மைத்துனர் கனத்தைச் சரியாகச் சொன்னார், வேகத்தை விட்டுவிட்டார். .45 குண்டு ஏறத்தாழ 16 கிராம், .308 குண்டு 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முன்னது நொடிக்குச் சுமார் 260 மீட்டர் வேகத்திலும் பின்னது 860 மீட்டர் வேகத்திலும் புறப்படுகின்றன. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், ரிவால்வர் குண்டு 550 ஜூல் அளவில் நின்றுவிட, ரைபிள் குண்டு 3,500 ஜூலைத் தாண்டுகிறது. கரிமருந்துக் காலத்தில் பிறந்த அந்தத் தோட்டா குறைந்த அழுத்தத்திற்கே அமைந்தது. குழலும் ஒரு சாணை எட்டாது. தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வாயு சிறிது கசியவும் செய்கிறது.

ஆற்றலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது குறி. ரைபிள் தோளிலும் கன்னத்திலும் ஊன்றி நிற்கிறது; ரிவால்வருக்கு நீட்டிய கைகளைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. இம்பாலாவின் இதயமும் நுரையீரலும் இருக்குமிடம் சோற்றுத் தட்டைவிடச் சிறியது. ரைபிளை வைத்துக்கொண்டே நான் ஒருமுறை அந்த இடத்தைத் தவறவிட்டேன். காயப்பட்ட மானின் இரத்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்து முட்புதர்களுக்குள் பொழுது சாயும்வரை நடந்தோம். அந்த உயிர் பட்ட துன்பம் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

மறுமொழி (ஃபீனிக்ஸ்)
அண்ணன் சொன்னதை நானும் ஏற்கிறேன். அதே பாணி ரிவால்வரைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். சுடுதளத்தில் அதற்கு ஈடான இன்பம் எனக்கு வேறில்லை. ஆனால் மானைச் சுட அதை ஒருபோதும் எடுத்துச் சென்றதில்லை. பழைய அமைப்பில் ஹாமரின் (தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியின்) முனை தோட்டாவின் மீதே படிந்திருப்பதால், கீழே விழுந்தால்கூட வெடிக்கக்கூடும். அதனாலேயே ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, ஹாமருக்குக் கீழுள்ள அறையை வெறுமையாக விடுவது வழக்கம். ரூகர் நிறுவனம் 1973-இல் தன் சிங்கிள் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் ஹாமரைக் கையால் பின்னிழுத்துச் சுடும்) ரிவால்வர்களில் இதற்குத் தடுப்புப் பட்டை பொருத்தியது. பின்னாளில் வாங்குவதானாலும் அது இருக்கிறதா என்று கேளுங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி உரிமம் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி. ரைபிளுக்கே விண்ணப்பிக்கிறேன். குண்டின் எடை 150 கிரெயினா (10 கிராமுக்குச் சற்றுக் குறைவு), 165 கிரெயினா?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
இம்பாலாவுக்கு இரண்டுமே தாராளம், தம்பி. இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கி நூறு மீட்டரில் சுட்டுப் பாருங்கள். உங்கள் ரைபிளில் எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.