ஃபேனை நிறுத்து, மரப்பாச்சி நடக்கப் போகிறது!

மாட்டுங்கா அம்மா:
கொலு முடிந்து பொம்மைகளைத் துணியில் சுற்றும்போது எங்கள் வீட்டு வாண்டுகள் இரண்டும் மரப்பாச்சியைத் தர மாட்டோம் என்று பிடித்துக்கொண்டன. அதை நடக்க வைக்க வேண்டுமாம். சரி என்று போனில் ஒரு ஸ்டாப் மோஷன் ஆப் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படங்களை வரிசையாக ஓட்டி, அது தானே அசைவது போலக் காட்டுவது) இறக்கிக் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றாலே இதே வேலைதான். வீட்டில் செய்து பார்த்தவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

போன் ஆடக்கூடாது, எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் சட்டம். டிரைபாட் எல்லாம் வாங்கவில்லை. ஸ்டூல் மேல் அரிசி நிரப்பிய இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் போனைச் சொருகிவிடுவோம். ஸ்கிரீனைத் தொட்டால் ஆடும் என்பதால் இயர்போன் ஒயரில் இருக்கிற வால்யூம் பட்டனை அழுத்தித்தான் படம் எடுப்பது. நிறைய போன்களில் அது வேலை செய்கிறது. ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஊரிலிருந்து பாட்டி கூப்பிட்டு போன் அதிர்ந்தால் பாதிப் படம் போச்சு.

மரப்பாச்சிக்குக் கால் மடங்காது. பெரியவள் சப்பாத்தி மாவை உருட்டி ஒரு பக்க அடியில் ஒட்டி, ஒரு படத்துக்கு இடது பக்கம், அடுத்ததற்கு வலது பக்கம் எனச் சாய்த்து, நக அகலத்துக்கு நகர்த்திக்கொண்டே போனாள். ஓட்டிப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சம்பந்தியம்மா வருவது போல இருந்தது! நொடிக்கு 12 படம் என்றால் 10 நொடிக்கு 120 எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நொடிக்கு 8 போதும்.

செம்பூர்வாசி:
எங்கள் வீட்டு வில்லன் வெளிச்சம். ஜன்னலோரம் எடுத்தால், மேகம் வந்து போனதெல்லாம் ஓட்டும்போது மினுக்மினுக்கென்று தெரியும். திரையை இழுத்துவிட்டு ஒரே ஒரு டேபிள் லேம்ப் போடுங்கள். ஸ்கிரீனில் பொம்மை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பையன் பளீர் மஞ்சள் டீஷர்ட் போட்டுக்கொண்டு குனிந்தால் பொம்மை முகத்திலும் மஞ்சள் அடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் வெட்டிய உருவம் என்றால் ஃபேனை நிறுத்தியாக வேண்டும். மே மாதத்து மும்பையில் யாரால் முடியும்? நாங்கள் ராஜ்மாவுக்கு மாறிவிட்டோம். போனை நேர் மேலே வைத்து, தரையில் ராஜ்மாவால் கோலம். இதில் ஒரு தந்திரம் உண்டு. முழுக் கோலத்தையும் முதலிலேயே அழகாக அடுக்கிவிட்டு ஒவ்வொரு விதையாக எடுத்துக்கொண்டே படம் பிடியுங்கள். அதைத் தலைகீழாக ஓட்டினால் கோலம் தன்னைத்தானே போட்டுக்கொள்ளும்.

டோம்பிவிலி தாத்தா:
தாதர் கிழக்கில் தாதாசாஹேப் பால்கே ரோடு வழியாக நீங்கள் எல்லாருமே போயிருப்பீர்கள். 1913இல் சினிமா முன்னோடி பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' படம் வெளிவருவதற்கு முன், பணம் போடுகிறவரை நம்ப வைக்க அந்த மனிதர் தொட்டியில் பட்டாணி விதைத்து, அது முளைத்து வளர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் எடுத்துக் காட்டியவர். 1915இல் தீக்குச்சிகளை அசைய வைத்தே ஒரு படம் செய்தார். இதைச் சொன்ன பாவத்துக்குப் பேத்தி உடனே தீக்குச்சி கேட்டாள். மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கொடுத்தேன்.

அவள் செய்தது லோக்கல் டிரெயின். கிளம்பும்போது ஒரு மில்லிமீட்டர், அப்புறம் இரண்டு, நடுவில் விரல் அகலம், ஸ்டேஷன் நெருங்கும்போது மறுபடி ஒரு மில்லிமீட்டர். ஒரே அளவாக நகர்த்தினால் வண்டிக்கு எடையே இருக்காது. வாசலில் தொங்குகிற ஆட்களுக்குக் குச்சியை ஒடித்து ஒட்டினாள். ஆளே தொங்காத லோக்கலை யார் நம்புவார்கள் தாத்தா என்கிறாள்!

முலுண்ட் அப்பா:
ஐந்து வயதுப் பையனுக்கு இது சரிப்படுமா? எல்லாப் படத்திலும் அவன் கை வந்து நிற்கிறது.

மாட்டுங்கா அம்மா:
தாராளமாகச் சரிப்படும் சார். ஒருவர் நகர்த்த வேண்டும், இன்னொருவர் பட்டன். நகர்த்துகிறவர் "கை வெளியே!" என்று கத்தினால்தான் பட்டனை அழுத்தலாம். அந்தக் கத்தலுக்காகவே சின்னவன் உட்கார்ந்திருப்பான். கை விழுந்த படத்தை ஆப்பிலேயே அழித்துவிடலாம். முந்தைய படம் மங்கலாகத் தெரிகிற வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், எவ்வளவு நகர்த்தினோம் என்பது அதில் தெரியும்.

உட்காரவே மாட்டான் என்றால் பொம்மையை விடுங்கள், அவனையே பொம்மையாக்குங்கள். சொசைட்டி (அடுக்குமாடிக் குடியிருப்பு) காம்பவுண்டில் குதிக்கச் சொல்லி, கால் தரையில் படாத நொடியில் மட்டும் கிளிக். ஒரு சின்ன அடி முன்னே வந்து மறுபடி குதிக்க வேண்டும். சேர்த்து ஓட்டினால் பையன் பறப்பான். எங்கள் வாட்ச்மேன் தன்னையும் அப்படி எடுக்கச் சொல்லி, ஊருக்கு அனுப்பினார்.

செம்பூர்வாசி:
களிமண்ணில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. கணபதி சிலை செய்ய வாங்கிய ஷாடு மண் (இயற்கைக் களிமண்) மிச்சம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். காயக் காயக் கீறல் விடும், இரண்டாம் காட்சியிலேயே யானைக்குத் தும்பிக்கை உடையும். எண்ணெய் சேர்த்த கிளே காயாது, ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும்.