புதுப்பிப்பு: ‘புட் ஆஃப்’ பயன்பாடு, விட்டுப்போனவை

முந்தைய இழையில் ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப்’ (put off) என்றால் தள்ளிப்போடுவது, ‘கால் ஆஃப்’ என்றால் அடியோடு ரத்து செய்வது என்ற வேறுபாட்டோடு நிறுத்தியிருந்தேன். சொல் வரிசை பற்றிப் பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

‘புட் ஆஃப் தி மீட்டிங்’, ‘புட் தி மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் இட், தெம் போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் வர வேண்டும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ தவறு. தமிழில் ‘தள்ளிப்போடு’ பிரியாமல் நிற்பதால்தான் இதில் அதிகம் சறுக்குகிறோம். பெயர்ச்சொல் தொடர் நீளமாக இருந்தால் அதைக் கடைசியில் வைப்பதே நல்லது; நடுவில் திணித்தால் ‘ஆஃப்’ வருவதற்குள் வாக்கியம் தொங்கிவிடும்.

பின்னால் வினை வந்தால் ‘இங்’ வடிவம்: ‘ஷீ புட் ஆஃப் கோயிங்’. ‘டு கோ’ வராது. இறந்த காலத்திலும் ‘புட்’ மாறாது. ‘புட்டட்’ என்று எழுத வேண்டாம்.

இன்னொரு பொருளும் முக்கியம்: வெறுப்பூட்டுவது, ஆர்வத்தைக் கெடுப்பது. ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்றால் அந்த நாற்றம் எனக்கு வெறுப்பூட்டிவிட்டது. இங்கே தள்ளிப்போடுவதற்கு இடமே இல்லை. ‘ஆஃப்புட்டிங்’ என்ற பெயரடை பிறப்பதும் இந்தப் பொருளிலிருந்துதான்.