மைன்கிராஃப்டில் கிரேக்க நகரத் தோற்றுநரின் கல்லறை: எங்கே, எப்படிக் கட்டுவது?

லயத்துக்கட்டு:
வணக்கம். சுங்கை சிப்புட் தோட்டத்து இளையோர் பள்ளி விடுமுறைக்காக மைன்கிராஃப்டில் ஒரு பழைய கிரேக்கக் குடியேற்ற நகரம் கட்டுகிறார்கள். எல்லாருக்கும் கைப்பேசிதான், அதில் ஓடும் பெட்ராக் பதிப்பு, பொருளையெல்லாம் நாமே தேடிச் சேர்க்கும் சர்வைவல் முறை. நகரத்தைத் தோற்றுவித்தவரின் கல்லறை ஒன்று வேண்டும். அவர்கள் மனத்தில் இருப்பது பழைய கிரேக்கத்தில் நடக்கும் அசாசின்ஸ் கிரீட் ஒடிசி என்ற வீடியோ விளையாட்டில் வரும் மாதிரி: ஊருக்கு வெளியே பாதாள அறை, பாம்பு, தரையில் கூர்முனைகள், கடைசியில் ஒரு கல்வெட்டு. அப்படியே கட்டலாமா? உள்ளே என்ன வைப்பது?

அகோரா மேஸ்திரி:
பாம்பையும் கூர்முனையையும் விட்டுவிடுங்கள். அது விளையாட்டுக்கான ஏற்பாடு.

முதலில் இடம். மற்றவர்களைத்தான் மதிலுக்கு வெளியே, சாலையோரம் புதைப்பார்கள். தோற்றுநருக்கு மட்டும் ஊருக்குள்ளேயே, சந்தைத் திடலான அகோராவில் இடம். இன்றைய லிபியாவில் இருந்த சிரீனி நகரத்தைத் தோற்றுவித்த பாட்டஸ் அகோராவின் கோடியில் தனியே கிடக்கிறார் என்று கிரேக்கக் கவிஞர் பிண்டார் பாடுகிறார். பிறகு வந்த அரசர்களுக்கு அரண்மனை முன்பு இடம். ஒடிசியில் ஆம்பிபொலிஸ் போரில் சாகிறாரே பிராசிடாஸ், அவர் கதை இன்னும் சுவை. கி.மு. 437இல் அந்த ஊரை நிறுவியவர் ஏதென்ஸ்காரர் ஹாக்னோன். கி.மு. 422இல் பிராசிடாஸ் இறந்ததும் ஊரார் ஹாக்னோனின் கட்டடங்களை இடித்துவிட்டு, ஸ்பார்ட்டாக்காரரான இவரையே தோற்றுநர் ஆக்கினார்கள். ஊருக்குள், அகோராவுக்கு முன்னால் அடக்கம், சுற்றி வேலி, ஆண்டுதோறும் பலியும் போட்டிகளும். அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார்.

உள்ளமைப்புக்கு இத்தாலியின் பேஸ்டும், அதாவது பழைய போசிடோனியா, நல்ல மாதிரி. 1954இல் கிடைத்த நிலத்தடி அறை, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தது. கற்பலகைக் கூரை, அதன்மேல் ஓட்டுக் கூரை. வாசலே கிடையாது. உடலும் இல்லை. எட்டு வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கம்பிகள், கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீஸ் தேவருலகம் போகும் காட்சி தீட்டிய ஓர் ஏதென்ஸ் ஜாடி. பாத்திரங்களில் பசை போன்ற எச்சம். தேன் என்று அப்போதே ஊகித்தார்கள், பின்னால் வந்த சோதனைகளில் அது உறுதியாகவில்லை, 2025 ஆய்வுதான் தேன் என்று காட்டியது. அழிந்துபோன சிபாரிஸ் நகரத்தின் தோற்றுநருக்கு எழுப்பிய வெற்றுக் கல்லறை என்பது ஒரு கருத்து. எனக்கு அது பொருந்தி வருவதாகவே படுகிறது.

களிமண் கணக்கு:
மேலே சொன்னதை அப்படியே கட்டலாம். ஒரு கட்டம் ஒரு மீட்டர்.

அறையின் உள்ளளவு 5×4, உயரம் 3. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டுங்கள். சுவரோடு 7×6 வரும். ஓட்டுக் கூரைக்குச் செங்கல் படி: பக்கத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு 7, ஆக 42. கைவினை மேசையில் செய்தால் ஆறு கட்டிக்கு நாலு படிதான். 66 செங்கல் கட்டி போய்விடும். கல்வெட்டி (stonecutter) என்ற கல் அறுக்கும் கருவியில் ஒன்றுக்கு ஒன்று, 42 போதும். கட்டிக்கு நாலு செங்கல் வீதம் 168 செங்கல். கூரைமேல் மண் மூடி, சுற்றிலும் 13×12இல் இரண்டு கட்ட உயர மதில்.

எட்டுப் பாத்திரத்துக்கு அலங்காரப் பானை. ஒன்றுக்கு நாலு செங்கல், ஆக இன்னும் 32. தேன்புட்டியைக் கையில் பிடித்துப் பானையைத் தொட்டால் உள்ளே போகும். தேன் எடுக்கும்போது கூட்டுக்கு அடியில் முகாம்நெருப்பு எரியாவிட்டால் தேனீ கொட்டும். பானையை இடம் மாற்றக் கோடரி, வாள் எடுக்காதீர்கள், நொறுங்கிவிடும். வெறுங்கையால் எடுத்தால் முழுசாக வரும். கம்பிக்கு, சங்கிலியைக் கிடையாக வைக்கலாம். அசலில் ஐந்து, இங்கே இரண்டு வரிசைதான் அடங்கும்.

வாசலில்லாத இருட்டறையில் ஸோம்பி என்ற நடைப்பிணம் முளைக்கும், அதுதான் பெரிய தொல்லை. பந்தம் ஏற்றினால் அழகு கெடும். தரையை அரைக் கட்ட உயரமுள்ள கீழ்ப்பாதிப் பலகைக்கல்லால் (slab) போட்டால் முளைக்காது. பானை நிற்கும் எட்டு இடம் மட்டும் முழுக்கல். இல்லாவிட்டால் பானை அந்தரத்தில் மிதக்கும்.

லயத்துக்கட்டு:
மிக்க நன்றி. வாசல் இல்லையென்றால் வருகிறவர்கள் அங்கே என்ன செய்வார்கள்?

அகோரா மேஸ்திரி:
வெளியேதான் எல்லாம், நம் தோட்டத்து முனியாண்டிக்கு மரத்தடியில் படைப்பதுபோல. ஆப்கானிஸ்தானில் இருந்த ஆய் கானூம் என்ற பழைய கிரேக்க நகரத்தில், அதன் தோற்றுநராகக் கருதப்படும் கினியாஸ் என்பவரின் கல்லறையில், மேலே ஊற்றும் படையல் சவப்பெட்டிவரை இறங்க ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதைச் செய்யுங்கள்.

களிமண் கணக்கு:
மேட்டு உச்சியில் ஒரு ஹாப்பர் (மேலே போடும் பொருளைக் கீழே இறக்கும் புனல்), நேர் அடியில் ஒரு பீப்பாய். ஐந்து இரும்புக் கட்டி, ஒரு பெட்டி, அவ்வளவுதான் ஹாப்பருக்குச் செலவு. போடும் பொருள் உள்ளே மறைந்துவிடும், அறைவரை இறக்கத் தேவையில்லை. அடியில் பீப்பாய்க்குப் பதிலாகப் பானை வைத்துவிடாதீர்கள்: பானை ஒரே வகைப் பொருளைத்தான் ஏற்கும். யாராவது முதலில் ரொட்டி போட்டால் அடுத்து வரும் தேன் ஹாப்பரிலேயே அடைத்துக்கொள்ளும்.