'த டூ டவர்ஸ்': இரண்டாம் புத்தகம் உங்களை எங்கே பிடித்தது?

தெம்பனிஸ் வாசகி:

டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவல் என்றாலே எல்லாரும் முதல் பாகத்தின் புறப்பாட்டையோ கடைசிப் பாகத்தின் முடிவையோதான் பேசுகிறார்கள். நடுவில் வரும் 'த டூ டவர்ஸ்' ஏதோ தாண்டிப் போகவேண்டிய பகுதி என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. முழுக் கதையிலும் மனதை அதிகம் அசைப்பது இந்த இரண்டாம் புத்தகத்தின் பின்பாதிதான். நீங்கள் படித்த அனுபவத்தையும் சொல்லுங்கள். இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லப்போகிறேன்.

எனக்கு அது கிடைத்த விதமே வேறு. உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது படம் வந்து ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நூலகத்தில் முதல் பாகம் எப்போது போனாலும் இரவலில் இருக்கும். இரண்டாவது மட்டும் அலமாரியில் நின்றது. சரி, இதையாவது படிப்போம் என்று எடுத்துவந்தேன். தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கம் இருந்தது, அதுவே போதும். முதல் அத்தியாயத்திலேயே, பயணக் கூட்டத்தில் ஒருவனான போரோமிர் என்ற வீரன் உடம்பெல்லாம் அம்பு பாய்ந்து மரத்தில் சாய்ந்து கிடக்கிறான். தீய சக்தி கொண்ட மோதிரத்தை, அதை அழிக்கச் சுமந்துபோகும் ஃபுரோடோவிடமிருந்து பறிக்கப் பார்த்ததைக் கூட்டாளி அரகோர்னிடம் சொல்லிவிட்டுச் சாகிறான். அவனை அதற்கு முன் ஒரு பக்கம்கூட நான் பார்த்ததில்லை. அப்படியும் அரகோர்ன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது எனக்குத் தொண்டை அடைத்தது. படத்தில் இந்தச் சாவை முதல் பாகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்புறம் அந்தப் பிரிப்பு. முன்பாதியில் 11 அத்தியாயங்கள், அதில் ஃபுரோடோவும் அவன் பணியாள் சாமும் வருவதே இல்லை. பின்பாதியில் 10, அதில் அந்த இருவரையும், மோதிரத்தை முன்பு வைத்திருந்து இப்போது அவர்களுக்கு வழிகாட்டும் கோல்லத்தையும் விட்டால் பழைய கூட்டாளிகள் யாரும் கிடையாது. படம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவதால் அந்தத் தவிப்பு கிடைக்காது. கோட்டைப் போர், கெட்ட மந்திரவாதி சாருமானின் வீழ்ச்சி என்று பெரிய வெற்றிகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால், மொட்டைப் பாறைகளுக்கு நடுவே வழி தெரியாமல் நிற்கிறார்கள் இரண்டு சின்ன ஆட்கள். அந்த வெற்றிச் செய்தி எதுவும் அவர்களுக்கு வந்து சேராது. நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாதே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

எதிரி நாட்டுக்குள் ஏறும் சிரித் உங்கோல் மலைப் படிக்கட்டில் வரும் இடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபுரோடோ சாமின் மடியில் தலைவைத்துத் தூங்குகிறான். சாமும் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். எங்கோ போயிருந்த கோல்லம் திரும்பி வருகிறான். இருவரையும் ராட்சதச் சிலந்தி ஷெலோபுக்கு இரையாக்கத் திட்டம் போட்டிருப்பவன் அவன். தூங்குகிறவர்களைப் பார்த்ததும் அவன் கண்ணில் இருந்த பளபளப்பு மங்கிவிடுகிறது. நடுங்கும் கையை நீட்டி, ஃபுரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான், கிட்டத்தட்ட வருடுகிறான். அந்த ஒரு கணம் அவன் உறவெல்லாம் போய், காலம் கடந்து உயிரோடிருக்கும் களைத்த கிழவன், அவ்வளவுதான். அதற்குள் சாம் விழித்து, என்ன திருட்டுத்தனம் என்கிற மாதிரி அதட்டுகிறான். போச்சு. கோல்லத்தின் கண்ணில் பச்சை மின்னல் திரும்பிவிடுகிறது. சாமைக் குறை சொல்லவும் மனசு வராது, எஜமான்மேல் உயிரையே வைத்திருப்பவன். கோல்லம் திருந்தும் தறுவாயில் இப்படித் தவறிப்போனதுதான் தன்னை மிகவும் வருத்திய இடம் என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ஈசூன் வாசகர்:

அக்கா, எனக்கு ஃபுரோடோவும் சாமும் சதுப்புநிலத்தைக் கடக்கும் அத்தியாயம். தேசிய சேவையில் இருந்தபோது படித்தேன். தேக்கோங் தீவில் மழையோடு மழையாகக் காட்டுப் பயிற்சி முடித்து, பூட்ஸுக்குள் தண்ணீர் சளசளக்க முகாமுக்குத் திரும்பிய வாரம் அது. கட்டிலில் சாய்ந்து புத்தகத்தைத் திறந்தால், தண்ணீருக்கு அடியில் என்றோ செத்த வீரர்களின் முகங்கள், மேலே மெழுகுவத்தி போல மினுக்கும் வெளிச்சம். எந்தப் படை, எந்தப் பக்கம் என்ற பேதமே இல்லாமல் எல்லா முகமும் சேர்ந்து கிடக்கிறது. இதைக் கற்பனையில் மட்டும் எழுதியிருக்க முடியாது என்று அப்போதே தோன்றியது. டோல்கீன் முதல் உலகப்போரில், 1916இல், சோம் போர்முனையில் இருந்தவர். அந்தச் சதுப்புக்கு, சோம் போருக்குப் பிந்தைய வட பிரான்சின் சாயல் கொஞ்சம் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் பின்பாதியை அவர் 1944இல் எழுதினார். அப்போது மகன் கிறிஸ்டஃபர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் பயிற்சியில் இருந்தார். எழுத எழுத, அத்தியாயங்களை மகனுக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறார் அப்பா. என் அப்பா புத்தகம் படிக்கிறவர் இல்லை. நான் முகாமுக்குத் திரும்பும் இரவுகளில் பாசிர் ரிஸ் வரை கூடவே வருவார். பையில் அம்மா சுட்ட முறுக்கு இருக்கும். 'பத்திரம்பா' என்பதைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். சாம் தன் பங்கு ரொட்டியைச் சாப்பிடாமல் ஃபுரோடோவுக்காக மிச்சம் பிடிப்பதை எங்கே படித்தாலும் எனக்கு அப்பா ஞாபகம்தான்.

ஜூரோங் வாசகி:

என் மகளுக்கு ராத்திரி ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகக் கதையாகச் சொன்னேன். அவளுக்கு மரமனிதர் ட்ரீபியர்ட் வந்தால் போதும். தாவரவியல் பூங்காவில் ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் அந்தத் தெம்புசு மரத்தைக் காட்டியபோது, 'இவர் எப்போம்மா நடப்பார்?' என்று கேட்டாள். மரமனிதர்கள் தங்கள் பெண்களைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருக்கிறார்களே, கடைசியில் கிடைத்தார்களா என்று விடாமல் கேட்டாள். கதையில் கிடைக்கவே இல்லை. கிடைத்ததாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், சொல்லவில்லை. அவள் வெகுநேரம் தூங்காமல் இருந்தாள்.

பிடோக் வாசகர்:

எல்லாரும் சொன்னதோடு ஒன்று. மூன்றாம் பாகம் கையில் இல்லாமல் இதன் கடைசி அத்தியாயத்தைத் தொடாதீர்கள். ஃபுரோடோ செத்துவிட்டான் என்று நம்பி, அழுதுவிட்டு, மோதிரத்தை எடுத்துக்கொண்டு சாம் கிளம்புகிறான். அப்புறம் எதிரிப் படையின் ஓர்க்குகள் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் எஜமான் உயிரோடிருப்பது அவனுக்குத் தெரிகிறது. ஓடுகிறான், அதற்குள் எதிரிகள் ஃபுரோடோவைக் கோபுரத்துக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்த இடத்தில் புத்தகம் முடிந்துவிடுகிறது. இரண்டாம் பாகம் இங்கிலாந்தில் வெளிவந்தது 1954 நவம்பரில். மூன்றாம் பாகம் வந்தது 1955 அக்டோபரில். முதலில் வாங்கிப் படித்தவர்கள் அத்தனை மாதமும் சாமோடு அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றார்கள்.