காட்டுத்தீ வந்தால் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது? வீட்டில் ஒத்துவரவில்லை, நீங்கள் சொல்லுங்கள்

சுதா_எல்டொராடோ:
கலிஃபோர்னியாவில் எல்டொராடோ ஹில்ஸில் இருக்கிறோம். 2021 ஆகஸ்ட்டில் கால்டோர் தீ கிரிஸ்லி ஃப்ளாட்ஸ் ஊரை எரித்துவிட்டு டாஹோ ஏரிப் பக்கம் போனது. எங்கள் தெருவுக்கு வரவில்லை, புகை மட்டும்தான். அடுத்த முறையும் அப்படியே தப்பிப்போம் என்று இருக்க முடியாது. அதனால் தீ சீசனுக்கு முன்பே ஒரு பட்டியல் எழுதிவிடலாம் என்று நானும் கணவரும் உட்கார்ந்தோம். கால் ஃபயர் (கலிஃபோர்னியா தீயணைப்புத் துறை) சொல்வது தெரியும்: ஆட்கள், வளர்ப்புப் பிராணிகள், ஆவணங்கள், மருந்து, படங்கள், கம்ப்யூட்டர், பணமும் கார்டுகளும். "இதோடு நிறுத்திக்கொள்" என்கிறார் கணவர். என் அம்மாவின் கூரைப்புடவை, பாட்டி கைப்பட எழுதிய சமையல் நோட்டு, பித்தளைக் காமாட்சி விளக்கு மூன்றும் வந்தே ஆக வேண்டும் என்கிறேன் நான். மூன்றும் ஒரே பையில் அடங்கிவிடும். இது அதிகமா? மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஒரு நாயும் உண்டு.

ரங்கா_பாசடேனா:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. 2018 நவம்பர் 8 காலை ஆறரை மணி வாக்கில் கேம்ப் ஃபயர் என்று பெயரிட்ட காட்டுத்தீ பற்றிக்கொண்டது. எட்டு மணிக்கெல்லாம் வட கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரியத் தொடங்கிவிட்டது. 85 பேர் இறந்தார்கள். வெளியே போகிற ஸ்கைவே சாலையில் கார்கள் நகராமல் நின்றன. 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பசிபிக் பாலிசேட்ஸில் ஜனங்கள் காரை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கி நடந்தார்கள். அப்புறம் புல்டோசர் வந்து அந்தக் கார்களைத் தள்ளித்தான் தீயணைப்பு வண்டிகளுக்கு வழி கிடைத்தது. காரில் ஏற்றியது எல்லாம் காரோடு போயிற்று.

வெளியேறும் உத்தரவு வரட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அதே நாள் மாலை ஆறேகாலுக்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஈட்டன் தீ தொடங்கியது. மேற்கு ஆல்டடீனாவுக்கு வெளியேறும் உத்தரவு வந்தபோது விடிகாலை மூன்று மணி தாண்டிவிட்டது. அந்தத் தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதிக்காரர்கள்தான். புடவை எந்தப் பெட்டியில் என்று நீங்கள் பீரோ முன்னால் நிற்கிற நேரத்தில் உங்கள் தெருமுனையில் கார் வரிசை கட்டிவிடும்.

மலர்விழி:
ரங்கா, நீங்கள் சொன்ன இடங்களில் சாவு நேர்ந்ததற்குக் காரணம் எச்சரிக்கை சரியாகப் போய்ச் சேராதது, ஆயிரக்கணக்கான பேர் போக ஒன்றிரண்டு சாலை மட்டும் இருந்தது. யாரோ கூரைப்புடவையை எடுத்ததால் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசி சுதாவைப் பயமுறுத்தாதீர்கள்.

ஆல்டடீனாவில் வீடு போன குடும்பம் ஒன்று எங்களோடு சில வாரம் தங்கியிருந்தது. அந்த அக்கா ஒருநாள்கூட சோபா, டிவி என்று பேசியதில்லை. அவருடைய அப்பா கடைசியாக எழுதிய கடிதம் கம்ப்யூட்டர் மேசை டிராயரில் இருந்தது. அதே மேசை மேல் இருந்த பாஸ்போர்ட் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பட்டியலில் ஃபைல் இருந்தது, கடிதம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். சோபாவுக்கு இன்சூரன்ஸ் பணம் தரும். அந்தக் கடிதத்துக்கு யார் தருவார்கள்? உயிர் பிழைத்த பிறகு இன்னும் நாற்பது வருஷம் அந்த நினைப்போடு வாழ வேண்டுமே.

குமரன்_ஃபோல்சம்:
ஆவணம் என்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் சொல்கிறார்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கு அது சரி. என்னைப் போல எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. பாஸ்போர்ட் போனால் தூதரகத்தில் புதிதாக வாங்கலாம், ஆனால் அதிலிருந்த விசா ஸ்டாம்ப் போனது போனதுதான். அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு அதை மறுபடி வாங்க முடியாது. அடுத்த முறை வெளியே போனால் அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் ஸ்டாம்பிங்குக்கு நின்ற பிறகுதான் திரும்பி வரலாம். ஐ-94ஐ (நாட்டுக்குள் வந்த பதிவு) இணையத்தில் எடுத்துவிடலாம். ஐ-797 (விசா நிலைக்கான ஒப்புதல் கடிதம்) ஒரிஜினல், ஊரில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ், டிகிரி சான்றிதழ் எல்லாம் ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் பாஸ்போர்ட் முதலில், மற்ற எதுவும் அப்புறம். சுதா அக்கா, மாமனார் மாமியாரின் பாஸ்போர்ட்டையும் அதே பையில் போடுங்கள். அது அவர்கள் பெட்டியின் ஜிப்புக்குள் இருக்கும், அவசரத்தில் கேட்டால் அவர்களுக்கே நினைவு வராது.

மெல்பர்ன்_மணி:
இந்த விவாதமே தவறான இடத்தில் நிற்கிறது. 2009 பிப்ரவரி 7 அன்று இங்கே ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். வீட்டில் இருந்து தீயோடு போராடலாம், இல்லையென்றால் முன்னதாகக் கிளம்பலாம் என்பதுதான் அதுவரை இங்கே சொல்லிவந்தது. அதற்குப் பிறகு "முன்னதாகக் கிளம்பு" என்பதற்குத்தான் அழுத்தம். தீ அபாய அளவில் உச்சபட்ச நாள் அறிவித்துவிட்டால் தீ இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, முந்தின இரவோ அன்று விடிகாலையோ போய்விட வேண்டும் என்கிறார்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். நிதானமாக விளக்கும் வரும், நோட்டும் வரும், வேண்டுமானால் வீணையும் வரும். எதை எடுப்பது என்று திண்டாடுவது தாமதமாகக் கிளம்புகிறவருக்குத்தான்.

மலர்விழி:
மணி சார், உங்கள் ஊரில் அப்படி உச்சபட்ச நாள் ஒரு கோடையில் எத்தனை வரும்? இங்கே ரெட் ஃப்ளாக் எச்சரிக்கை (தீ பரவ ஏற்ற வானிலை என்ற அறிவிப்பு) சீசன் முழுக்க வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கிளம்பினால் வேலைக்கு யார் போவது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்ன ஆவது? ஹோட்டல் செலவு வேறு.

மெல்பர்ன்_மணி:
எல்லா எச்சரிக்கைக்கும் கிளம்பச் சொல்லவில்லை. வயதானவர்கள் இருக்கிற வீடு, ஒரே ஒரு சாலை உள்ள குடியிருப்பு என்றால் மற்றவர்களை விட முன்னதாகக் கிளம்புங்கள் என்கிறேன். உங்கள் ஊர் நடைமுறையிலேயே அதற்கு இடம் இருக்கிறதே. முதலில் வெளியேறும் எச்சரிக்கை, அப்புறம் வெளியேறும் உத்தரவு. பெரியவர்களும் பிராணிகளும் இருந்தால் அந்த எச்சரிக்கைக்கே கிளம்பச் சொல்கிறார்கள். நாயும் இரண்டு பெரியவர்களும் உள்ள சுதா உத்தரவுக்குக் காத்திருக்கவே கூடாது.

உமா_ஃபார்மசி:
ஏழு பதிவு ஓடிவிட்டது, மாத்திரையைப் பற்றி யாரும் விவரமாகப் பேசவில்லை. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரையை ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வருவார்கள். அது வீட்டோடு எரிந்தால், ஊர் டாக்டர் எழுதிய சீட்டை இங்குள்ள பார்மசி ஏற்காது. இங்கே ஒரு டாக்டரைப் பார்த்து எழுதி வாங்க வேண்டும். பல மாத்திரைகளுக்கு ஊரில் ஒரு பெயர், இங்கே வேறு பெயர். டப்பாவைப் பார்க்காமல் "வெள்ளையா சின்னதா இருக்கும்" என்று மாமி சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வாரத்துக்கான மாத்திரையைத் தனியாக எடுத்து அட்டையோடு, மூலப்பெயர் தெரிகிற மாதிரி, பையில் வையுங்கள். தேதி முடிவதற்குள் மாற்றுங்கள். மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல் செட். இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருப்பதால் பையைத் தூக்குகிற அவசரத்தில் மறந்துபோகும், கதவில் எழுதி ஒட்டுங்கள்.

கணக்கர்_சான்ஹோசே:
இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இன்றைக்கே போனை எடுத்து வீடு முழுக்க வீடியோ எடுங்கள். ஒவ்வொரு டிராயரையும் பீரோவையும் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எடுங்கள். பேரிடர் அறிவித்த இடத்தில் வீடு முழுசாகப் போனால், பட்டியல் கேட்காமல் ஒரு பகுதியைத் தர வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. மிச்சத்துக்குப் பட்டியல் வேண்டும். எரிந்த வீட்டில் எத்தனை பாத்திரம் இருந்தது என்று நினைவிலிருந்து எழுதுவது பெரிய வேதனை.

வீட்டு லாக்கர் தீயைத் தாங்கும் என்று நம்பி நகையையும் பத்திரத்தையும் விடாதீர்கள். சாதாரண லாக்கருக்கு அரை மணி, ஒரு மணி நேரம் என்றுதான் உத்தரவாதம். முழுசாக எரியும் வீடு அதற்குப் பிறகும் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

ரங்கா_பாசடேனா:
இதைத்தான் நானும் சொல்கிறேன். நோட்டை ஸ்கேன் செய்யலாம், படங்களை ஸ்கேன் செய்யலாம், கடிதத்தை ஸ்கேன் செய்யலாம். செய்துவிட்டால் எதையும் தூக்க வேண்டாம். இன்னொன்று, மின்சாரம் போனால் கராஜ் கதவு திறக்காது. 2017 அக்டோபர் தீயில் இப்படிச் சிக்கி இறந்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் 2019 ஜூலையிலிருந்து இங்கே விற்கிற ஓப்பனர்களுக்கு பேட்டரி கட்டாயமானது. உங்களுடையது பழசு என்றால் மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைக் கையால் தூக்கிப் பாருங்கள். மாமனாரால் முடியுமா என்றும் பாருங்கள், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் தீ வரலாம்.

மலர்விழி:
ஸ்கேன் செய்யச் சொல்வது நல்ல யோசனை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் பாட்டி நோட்டில் புளிக்கறை பட்ட பக்கம் இருக்கும், எண்ணெய் விரல் பதிந்திருக்கும். குழம்பின் அளவு ஸ்கேனில் கிடைக்கும். அந்த நோட்டு கிடைக்காது.

சுதா_எல்டொராடோ:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மறுபடி உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷம்தான் என்றால் ஆட்கள், நாய், வாசல் அலமாரியில் வைத்திருக்கும் பை. பையில் நான்கு பாஸ்போர்ட், சான்றிதழ்கள், மாத்திரை, கொஞ்சம் ரொக்கம், என்95 மாஸ்க். பாட்டியின் நோட்டு அந்தப் பைக்குள்ளேயே இருக்கும், ஸ்கேன் செய்த பிறகும். இதற்கு அவரும் ஒத்துக்கொண்டார், எடை அரைக் கிலோகூட இல்லை. அரை மணி கிடைத்தால் கம்ப்யூட்டரும் ஆல்பங்களும். புடவை ஜூனிலிருந்து நவம்பர் வரை ஃப்ரீமான்ட்டில் தங்கை வீட்டில். விளக்கு தினமும் ஏற்றுவது, அதை அனுப்ப முடியாது, நான் கையில் எடுத்துக்கொண்டு வருவேன். மாமியார் தன் பங்குக்கு ஒரு முருகன் படம் கேட்டிருக்கிறார்.

மலர்விழி:
அரை வருஷம் இன்னொருவர் பீரோவில் இருக்கிற புடவையா? நவராத்திரிக்குக் கட்ட வேண்டாமா? மனசு ஒப்பவில்லை சுதா. நோட்டு பைக்குள் போனதில் சந்தோஷம்.

ரங்கா_பாசடேனா:
புடவை விஷயத்தில் சுதா செய்ததுதான் சரி. பட்டும் காகிதமும் சாம்பலாகிவிடும். பித்தளை உருக 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், மூன்றில் மிஞ்ச வாய்ப்பு இருப்பது விளக்குக்கு மட்டும்தான். அதைப் போய்க் கையில் பிடித்துக்கொண்டு வருகிறீர்கள். அந்தக் கை மாமியாரைப் பிடிக்க வேண்டிய கை. முருகன் படத்தைக் கண்ணாடி ஃப்ரேமிலிருந்து கழற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்றைக்கே பைக்குள் வைத்துவிடுங்கள். விளக்கை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.