ஒரே மாடல், வேறு வெர்ஷன்: ஃபர்ம்வேர் ஏற்றலாமா?

கேள்வி: டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி (லினக்ஸ் அடிப்படையிலான இலவச ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) போட்டுப் பார்க்க ஆசை. அடியில் ஸ்டிக்கரில் வெர்ஷன் 14 என்று இருக்கிறது, கையில் உள்ள ஃபைலோ 13-க்கானது. மாடல் ஒன்றுதானே, ஏற்றலாமா?

பதில்: வேண்டாம் நண்பா. பெயர்தான் ஒன்று, உள்ளே சரக்கு வேறு. 13-இல் 8 எம்பி ஃப்ளாஷ் (ஃபர்ம்வேர் பதியும் இடம்), 64 எம்பி ரேம். 14-இல் இரண்டையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், புதியது என்றால் மேலானது என்ற கணக்கு இங்கே தலைகீழ். 11, 12 ஃபைல்களையும் தொடாதீர்கள், அவற்றில் குவால்காம் சிப், 13, 14-இல் மீடியாடெக் சிப்.

மற்றொரு பதில்: இது பழைய கதைதான். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் ஞாபகம் இருக்கிறதா? 2005-இல் வந்த ஐந்தாம் வெர்ஷனில் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை வைத்து, ரேமை 8 எம்பி, ஃப்ளாஷை 2 எம்பி ஆக்கினார்கள். லினக்ஸ்தான் வேண்டும் என்றவர்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விற்றார்கள்.

கேட்டவர்: சரி, 14-க்கென்றே உள்ள ஃபைலைப் போட்டால்?

முதல் பதிலர்: 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம் ரவுட்டர்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி 19.07 வெர்ஷன்தான் கடைசி, அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2022-இலேயே நின்றுவிட்டன. கற்றுக்கொள்ள மட்டும் என்றால் போடுங்கள், நேரடியாக இணையத்தில் மாட்ட வேண்டாம்.