புதுப்பிப்பு: தத்து நிறுவனத்திடம் பெற்றோர் விவரம் கேட்பது (வடசென்னை)

தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் தங்களைப் பெற்றவர்களைப் பற்றி அறிய, தத்து நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் கேட்டது: நிறுவனம் ‘ரகசியம்’ என்று கைவிரித்தால்?

விண்ணப்பத்தின் நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் காராவுக்கும் (CARA, தத்து விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அனுப்புங்கள். 2022 தத்து ஒழுங்குமுறைகளின்படி 18 வயது நிறைந்தவர் தானே கேட்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து. உங்கள் சார்பில் மூன்றாம் நபர் தேட முடியாது. ஏஜென்ட் என்று எவரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெற்ற தாய் தன் பெயரை வெளியிடக் கூடாது என்று எழுதியிருந்தால் அவர் சம்மதம் வேண்டும். மறுத்தாலும், ஆளே கிடைக்காவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார் என்பதையாவது சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தில் இதைத் தனியாகக் கேளுங்கள். ‘எல்லா விவரமும்’ என்று பொதுவாக எழுதினால் ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள்.

கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால், பெற்றவர் எழுதிக்கொடுக்கும் ஒப்படைப்புப் பத்திரமே இருக்காது. அப்போது போலீஸ் அறிக்கை, குழந்தைகள் நலக் குழு உத்தரவு, நீதிமன்றக் கோப்பு இவற்றைக் கேளுங்கள்.

இன்னொன்று: பிறந்த இடம் ராயபுரம் என்றிருந்தால் தாயின் ஊரும் அதுதான் என்று நம்பிவிடாதீர்கள். அங்குள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்குப் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்தும் பிரசவத்துக்கு வருவார்கள்.